கிக்கத் தூக்குனா ஃப்ளோர் காலி: கேஎல் க்ளப்ல விசித்திரமான சத்தம் வாசிக்கிறதப் பத்தி

"இது பாட்டா, இல்ல உள்ள யாராச்சும் மிக்சி ரிப்பேர் பண்றாங்களா பாஸ்?"

கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, ஒரு ராத்திரி நான் டிஜேவா வாசிச்சிட்டு இருந்தப்ப ஒருத்தர் மேசை மேல கைய ஊணிக்கிட்டுக் கேட்ட கேள்வி. கிண்டல் இல்ல, அவருக்கு நெசமாவே சந்தேகம். மணி ஒண்ணேகால் இருக்கும், எனக்கு முன்னாடி வாசிச்ச பையன் ஃப்ளோர நல்லா சூடாக்கிக் குடுத்துட்டுப் போயிருந்தான், 40 பேராச்சும் ஆடிக்கிட்டு இருந்தாங்க, நான் என்ன பண்ணேன்னா கிக்கத் தூக்கிட்டு, அதாவது அடியில டம் டம்னு விழுற டிரம் சத்தத்த நிறுத்திட்டு, 6 நிமிசம் வெறும் உரசல் சத்தம், ரேடியோ இரைச்சல், எங்கேயோ தகரம் விழுற மாதிரி ஒண்ணுன்னு ஓட்டுனேன். வீட்ல ஹெட்போன் போட்டுக் கேட்டப்ப எனக்கே புல்லரிச்ச இடம் அது. முடியும்போது ஃப்ளோர்ல 7 பேர், அதுல ரெண்டு பேர் க்ளாஸ் பொறுக்க வந்தவங்க.

மேனேஜர் திட்டல. "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது உக்காந்து கேக்குறது"ன்னு மட்டும் சொல்லிட்டு கவுண்டர் பக்கம் போயிட்டாரு. அன்னிக்கி மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக், அதாவது இழுத்து ஆத்துன டீ, ஆறிப் போறவரைக்கும் அந்த வரியத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். உக்காந்து கேக்குறதுக்கும் நின்னு ஆடுறதுக்கும் நடுவுல அப்படி என்னதான் மாறுது, சத்தம் அதேதானே?

முதல்ல ஒண்ண ஒதுக்கி வச்சிடலாம். "நம்ம ஆளுங்களுக்கு விசித்திரமான சத்தமே புடிக்காது லா, குத்து போட்டாத்தான் ஆடுவாங்க"ன்னு எல்லா டிஜேயும் சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் சொல்லிட்டுத்தான் இருந்தேன். தப்பு. க்ளப் மியூசிக்கோட வரலாறே விசித்திரமான சத்தத்தோட வரலாறுதான். இன்னிக்கி சாதாரணமா தெரியுற ஒவ்வொரு சத்தத்தயும் ஒரு காலத்துல மிக்சி ரிப்பேர்னுதான் சொல்லிருக்காங்க.

ரோலண்ட் கம்பெனி 80களோட தொடக்கத்துல டிபி-303ன்னு ஒரு சின்ன வெள்ளிக் கலர் பெட்டி விட்டாங்க. கூட பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாத கிட்டார்காரங்க தனியா பிராக்டிஸ் பண்றதுக்காக செஞ்சது. கிட்டார் மாதிரி கொஞ்சமும் கேக்கல, ப்ரோக்ராம் பண்றதும் தலவலி, விக்கல, 1984லயே நிறுத்திட்டாங்க. செஞ்சதே 10,000 பக்கம்தான். அப்புறம் அது செகண்ட் ஹேண்ட் கடைங்கள்ல சல்லிசா கெடந்துச்சு. சிக்காகோவுல ஃப்யூச்சர்னு மூணு பசங்க அதுல ஒண்ண வாங்கி, பாட்டு எழுதத் தெரியாம பட்டனத் திருகித் திருகிப் பாத்ததுல ஒரு வழுக்கிக்கிட்டே கத்துற சத்தம் வந்துச்சு, அத அப்படியே டேப்ல புடிச்சு மியூசிக் பாக்ஸ் க்ளப்ல வாசிக்கிற ரான் ஹார்டிகிட்ட குடுத்தாங்க. அந்த பசங்கள்ல ஒருத்தரான டிஜே பியர் சொல்ற கதைப்படி, ஹார்டி அத மொத தடவ போட்டப்ப ஃப்ளோர் காலியாயிடுச்சு. மனுசன் விடல, அதே ராத்திரி மறுபடி போட்டாரு, மறுபடி போட்டாரு, நாலாவது தடவ ஜனங்க பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுனாங்களாம். 1987ல அது ரெக்கார்டா வந்துச்சு, ஆசிட் ஹவுஸ்னு ஒரு வகையே அதுலேர்ந்து ஆரம்பிச்சுது.

இந்தக் கதைய எல்லாரும் "விடாமுயற்சி"க்கு உதாரணமா சொல்லுவாங்க, எனக்கு அதுல முக்கியமா படுறது வேற. அந்த 303 சத்தம் எவ்ளோ விசித்திரமோ, அதுக்குக் கீழ ஓடுற டிரம் அவ்ளோ சாதாரணம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக். மேல பூகம்பம், கீழ தரை. நாலு தடவ போட்டதால மட்டும் ஜனங்க மாறல, அந்த நாலு தடவையும் கால வைக்க ஒரு எடம் இருந்துச்சு.

நம்ம பக்கத்துலயும் ஒரு ஆள் இருந்தாரு, அது நெறய பேருக்குத் தெரியாது. பம்பாயில சினிமா பாட்டுங்களுக்கு வாசிச்சிட்டு இருந்த சரண்ஜித் சிங். 1982ல, அதாவது சிக்காகோ ரெக்கார்டு வர்றதுக்கு 5 வருசம் முன்னாடி, அதே 303, கூட ஒரு டிஆர்-808 டிரம் மெசின், ஜூப்பிட்டர்-8ங்கிற சிந்த் (சிந்தசைசர்), இத வச்சு பத்து ராகங்கள டிஸ்கோ பீட்ல வாசிச்சு ஒரு ஆல்பம் போட்டாரு. பூபாளி, மால்கவுன்ஸ் எல்லாம் இருக்கு, நம்ம கணக்குல மோகனம், இந்தோளம். யாரும் வாங்கல. 2010ல அத மறுபடி வெளியிட்டப்பதான் ஐரோப்பாக்காரங்க "என்னய்யா இது, ஆசிட் ஹவுஸ் இந்தியாவுல பொறந்துச்சா"ன்னு வாயப் பொளந்தாங்க, அப்புறம் வயசான காலத்துல அவர அங்க கூப்ட்டு மேடை ஏத்துனாங்க, 2015ல காலமாயிட்டாரு. ராகத்துல 303 ஏன் அவ்ளோ நல்லா ஒக்காருதுன்னா அதுல ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போற ஒரு வசதி இருக்கு, கிட்டத்தட்ட கர்நாடக சங்கீதத்துல வர்ற ஜாரு மாதிரி. கிட்டார்காரனுக்கு அது தொந்தரவு, நமக்கு அது கமகம்.

சரி, அப்ப கிக் இருந்தா என்ன வேணாலும் போடலாமா? கொஞ்சம் பொறுங்க, கிக்கு என்ன வேலை செய்யுதுன்னு பாப்போம்.

128 பிபிஎம்ல, அதாவது நிமிசத்துக்கு 128 அடி வேகத்துல, ஓடுற பாட்டுல ஒரு அடிக்கு அரை செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. நாலு அடி ஒரு பார், 16 பார்னா கரெக்டா 30 செகண்ட். க்ளப் மியூசிக்ல ஏறக்கொறய எல்லா மாத்தமும் 8 பார், 16 பார், 32 பார் முடியுற எடத்துலதான் நடக்கும், ஆடுறவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது ஆனா ஒடம்புக்குத் தெரியும், 30 செகண்ட் ஆச்சுன்னா ஏதோ வரப்போவுதுன்னு தோள் தானா தூக்கும். நான் அன்னிக்கி தூக்குன 6 நிமிசத்தோட அர்த்தம் என்னன்னா, 12 தடவ அவங்க ஒடம்பு "இப்ப வரும்"னு காத்திருந்துச்சு, 12 தடவயும் ஒண்ணும் வரல. நானா இருந்தாலும் கவுண்டருக்குப் போயிருப்பேன்.

கீழ் சத்தத்தோட வேலையும் சும்மா இல்ல. 2022ல கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஆர்ஃபிக்ஸ்னு ஒரு இரட்டையர், அவங்களே நல்ல முரட்டு எக்ஸ்பெரிமென்டல் டெக்னோ ஆளுங்கதான், அவங்கள வச்சு நெசமான ஒரு ஷோ. ஆட வந்தவங்க தலையில அசைவ அளக்குற பட்டி. ஷோ நடுவுல, காதுல விழாத அளவுக்குக் கீழ இருக்குற சத்தத்த மட்டும் தர்ற ஸ்பெசல் ஸ்பீக்கர ரெண்டரை நிமிசத்துக்கு ஒரு தடவ போட்டுப் போட்டு நிறுத்துனாங்க. அது ஓடுனப்ப ஜனங்க 11.8 சதவீதம் அதிகமா ஆடிருக்காங்க, ஆனா அது ஓடுதா இல்லையான்னு அவங்களுக்கே தெரியல. காதுக்கு எட்டாத ஒண்ணு கால ஆட்டுது பாருங்க. வீட்ல ஹெட்போன்ல செட் தயார் பண்றவன் கோட்டை விடுறது இங்கதான், ஏன்னா ஹெட்போன் நெஞ்ச ஒதைக்காது, அதனால நம்ம கவனம் பூரா மேல இருக்குற நுணுக்கத்துலயே போயிடும், அந்த நுணுக்கம் க்ளப்ல ஏசி சத்தத்துலயும் "டேய் எங்கடா இருக்க"லயும் கரைஞ்சு போயிடும்.

இன்னொரு விசயம், இது நம்ம ஊருக்கே உரியது. கேஎல்லயும் பினாங்குலயும் சின்ன எடங்கள்ல பாதி ஷாப்லாட் (வரிசையா ஒட்டிக் கட்டுன கடைக் கட்டடம்) மாடிதான், அகலம் 20, 22 அடி. 50 ஹெர்ட்ஸ் கிக்கோட ஒரு அலையோட நீளம் 6.9 மீட்டர், கிட்டத்தட்ட அதே 22 அடி. ரெண்டு பக்கச் செவுத்துலயும் மோதித் திரும்பி வர்றப்ப, செவுத்தோரத்துலயும் நட்ட நடுவுலயும் கிக் இடி மாதிரி இருக்கும், செவுத்துலேர்ந்து அஞ்சாறு அடி தள்ளி ஒரு கோட்டுல கிக்கே இருக்காது. ஒரு எடத்துல டிஜே மேசை சரியா அந்தக் கோட்டு மேல இருந்துச்சு, நான் கிக் பத்தலன்னு ஏத்திக்கிட்டே போறேன், நடுவுல நிக்கிறவங்க காதப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. அதுலேர்ந்து, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு லூப்ப, திரும்பத் திரும்ப ஓடுற ஒரு துண்டுச் சத்தத்த, ஓட விட்டுட்டு ஹால் பூரா ஒரு சுத்து நடந்து பாக்காம நான் வாசிக்கிறது இல்ல. பல க்ளப்ல லெஃப்ட் ரைட்ட ஒண்ணா சேத்து மோனோவாத்தான் ஓட்டுவாங்க, அதனால வீட்ல ரொம்ப அகலமா கேட்ட அந்த அழகான பேஸ் அங்க போனதும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டு காணாமப் போயிடும், அதுவும் ஒரு வாட்டி பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

ஆனா கிக் மட்டும் போதும்னு சொல்லிட்டா அதுவும் பொய்யி. ஒரே மாதிரி டம் டம் டம்முன்னு அரை மணி நேரம் ஓடுனா அதுக்கும் ஆட மாட்டாங்க. தாளம் ரொம்ப நேரா இருந்தாலும் ஆடத் தோணாது, ரொம்பக் கலைஞ்சு கெடந்தாலும் தோணாது, நடுவுல ஓரளவு எடறி எடறி விழுந்தாத்தான் ஆடணும்னு இருக்கும்னு 2014ல வந்த ஒரு ஆராய்ச்சி சொல்லுது. இத ஆராய்ச்சி பண்ணித்தான் கண்டுபுடிக்கணுமா, ஒரு தவில்காரரக் கேட்டா போதாதான்னு தோணுச்சு எனக்கு.

இந்த "ஒரே மாதிரி"ங்கிறதுக்கு ஒரு தமாசான கதை இருக்கு. 1994ல இங்கிலாந்துல வெட்டவெளி ரேவ் பார்ட்டிங்கள நிறுத்த ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, எத மியூசிக்னு எடுத்துக்கிறதுன்னு சொல்றப்ப "திரும்பத் திரும்ப வர்ற பீட்"டுன்னு சட்டத்துலயே எழுதி வச்சாங்க. ஆடெக்கர்னு ரெண்டு பேரு, அந்த வருசமே ஒரு ரெக்கார்டு போட்டு, அதுல ஒரு டிராக்ல எந்த ரெண்டு பாரும் ஒரே மாதிரி வராதபடி டிரம்ம எழுதுனாங்க, கவர் மேல "இத வாசிக்கிற டிஜே பக்கத்துல ஒரு வக்கீலையும் ஒரு இசை ஆராய்ச்சியாளரையும் வச்சிக்கோங்க"ங்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வேற. நக்கல் இருக்கட்டும், அந்த டிராக்க கேட்டுப் பாருங்க, ஆடலாம். எந்த பாரும் திரும்பி வரல, ஆனா அந்த வேகம் மாறல, சத்தங்க அதே நாலஞ்சுதான். அப்ப புடிச்சிக்கிறதுக்கு ஒண்ணு வேணும்னா அது கிக்காத்தான் இருக்கணும்னு இல்ல. எது வேணா இருக்கலாம், ஒண்ணு இருக்கணும்.

இங்கதான் எனக்கு தனி ஆவர்த்தனம் ஞாபகம் வந்துச்சு. கச்சேரில மிருதங்கக்காரர் நடை மாத்துறாரு, நாலுலேர்ந்து மூணுக்குப் போறாரு, அஞ்சுக்குப் போறாரு, கணக்கு எங்கேயோ காட்டுக்குள்ள போயிடுது, முன்வரிசையில இருக்குற தாத்தா என்ன பண்றாரு? தொடையில ஆதி தாளம் போட்டுக்கிட்டே இருக்காரு. அவருக்கு அந்தக் கணக்குல பாதி புரியாது. ஆனா தாளம் அவர் கையில, அதனால மிருதங்கம் எவ்ளோ தூரம் போனாலும் அவருக்குப் பயம் இல்ல, கோர்வைங்கிற முடிவுச் சொற்கட்டு மூணு தடவ வந்து, பாட்டு ஆரம்பிக்கிற எடமான எடுப்புல விழுறப்ப "ஆஹா"ன்னு தலைய ஆட்டுறாரு. க்ளப்ல தொடையில தாளம் போட யாரும் இல்ல, கால்லதான் போடுறாங்க, அந்தக் காலுக்கு வழி காட்டுறதுக்குத்தான் கிக். நான் அன்னிக்கி தாளத்தயும் எடுத்துட்டேன், திரும்பி வந்து விழ எடுப்பும் வைக்கல. கணக்கே இல்லாத தனி ஆவர்த்தனம், யார் ஒக்காருவா?

இத செட்டுக்குள்ள கொண்டு வர்றது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஒரு பார்ல 16 எண்ணிக்கை. அதுக்கு மேல 5 எண்ணிக்கை இருக்குற ஒரு லூப்ப ஓட விடுங்க. மொத பார்லேர்ந்தே ரெண்டும் விலகிப் போயிடும், எங்க ஆரம்பிச்சுது எங்க முடியுதுன்னே தெரியாது, 5 பார் கழிச்சு, அதாவது 80 எண்ணிக்கையில, ரெண்டும் சேந்து ஒரே அடியில வந்து விழும். 128ல ஒம்பதரை செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. அந்த ஒம்பது செகண்ட் முழுக்க நீங்க தகரம் உருட்டலாம், கதவுச் சத்தம் போடலாம், எல்லாம் செல்லும், ஏன்னா விழப் போற எடம் இருக்கு. இத கண்ட ஜாதி, அதாவது தாளத்துல வர்ற அஞ்சு எண்ணிக்கைக் கணக்குன்னு சொன்னா வாத்தியாருங்க சண்டைக்கு வருவாங்க, நான் சொல்லல.

இன்னொண்ணு உருமி. நம்ம ஆளுங்களுக்கு விசித்திரமான சத்தம் புடிக்காதுன்னு சொல்றவங்க தைப்பூசத்தன்னிக்கி பத்துமலைக்கோ பினாங்கு தண்ணீர்மலைக்கோ வந்து நின்னு பாக்கணும். உருமியோட ஒரு பக்கத் தோல்ல வளைஞ்ச குச்சிய வச்சு தேய்க்கிறாங்க, "உர்ர்ர்ரூம்"னு மேலயும் கீழயும் வழுக்கிட்டு ஒரு உறுமல் வருது, அதுல ஸ்வரம் கெடையாது, மெலடி கெடையாது, சுத்தமான உரசல் சத்தம். இத ரெக்கார்டு பண்ணி பெர்லின்ல எவனாவது ஸ்மோக் மெசினோட போட்டா எக்ஸ்பெரிமென்டல்னு டிக்கெட் போட்டு விப்பான். இங்க அதுக்கு ஆயிரக்கணக்குல ஆடுறாங்க, பத்துமலைல காவடி தூக்கிட்டு 272 படி ஏறுறாங்க. ஏன்னா கூடவே மத்த மேளமும் ஜால்ராவும் விடாம தாளத்தப் புடிச்சிருக்கு. ஒரு உருமி மேளக் குழு வண்டிய நிறுத்திட்டு ரோட்டோரமா ஒரு தட்டு தட்டிப் பாத்தாலே சுத்தி நிக்கிற பசங்க தோள் ஆடும்.

அதுக்காக உடனே பக்திப் பாட்டையோ கோயில்ல புடிச்ச ரெக்கார்டிங்கயோ க்ளப்ல போடுறத நான் செய்ய மாட்டேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்க அத்தை வருசா வருசம் பால்குடம் எடுக்குறவங்க, அவங்க விரதம் இருந்து கேக்குற சத்தத்த நான் பீர் பாட்டிலுக்கு நடுவுல ஓட்டுறது எனக்கே நல்லா படல. அந்த உறுமல் எப்படி வருதுன்னு புரிஞ்சிக்கிட்டு சிந்த்ல நானே செஞ்சுக்குறேன்: ஒரு கீழ் ஸ்வரம், அத வழுக்க விடணும், மேல கொஞ்சம் இரைச்சல், சத்தத்தோட கூர்மையக் கூட்டிக் கொறைக்கிற ஃபில்டர கையால தெறந்து மூடணும். கையாலங்கிறது முக்கியம், கம்ப்யூட்டர்ல கோடு போட்டு வரைஞ்சா அந்தத் தேய்ப்பு வராது.

இதெல்லாம் எங்க வாசிக்கிறதுன்னு கேட்டா, அதுதான் உண்மையான பிரச்சின. கேஎல்ல ரெண்டு ஒலகம் இருக்கு. ஒண்ணு கேட்டு ரசிக்கிற ஒலகம்: 2010லேர்ந்து நடக்குற கிளெக்ஸ் எக்ஸ்பெரிமென்டல் ஃபிலிம், வீடியோ, மியூசிக் விழா, பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் ஃபைன்டார்ஸ் மாதிரி இருந்த சின்ன ஆர்ட் ஸ்பேஸ், பினாங்குல பழைய பஸ் டிப்போவ மாத்துன ஹின் பஸ் டிப்போ. அங்க தரையில ஒக்காந்து கண்ண மூடிக் கேப்பாங்க, என்னோட அந்த 6 நிமிசத்துக்குக் கை தட்டுவாங்க, ஆனா யாரும் ஆட மாட்டாங்க. இன்னொண்ணு 2004ல ஸவுக்ங்கிற பெரிய க்ளப் வந்ததுக்கு அப்புறம் பெருசா வளந்த க்ளப் ஒலகம், அங்க மேசைக்கு இத்தன ரிங்கிட்டுன்னு பாட்டில் கணக்குதான் ராத்திரியோட தலையெழுத்த எழுதுது, ஃப்ளோர் காலியானா பாருக்கு மொத 20 நிமிசம் நல்ல வியாபாரம், அப்புறம் ஜனங்க பில்லக் கட்டிட்டுக் கெளம்பிடுவாங்க. அதுனால மேனேஜர் பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. தமிழ்ப் பசங்க நைட்டுன்னா இன்னும் மோசம், போஸ்டர்ல குத்துன்னு போட்டுத்தான் கூட்டத்தயே கூப்டிருப்பாங்க. நடுவுல நிக்கிற எடம் ரொம்பக் கம்மி, இருக்குறதும் ரெண்டு வருசத்துல வாடகை ஏறி மூடிடும்.

அதனால எனக்குக் கெடைக்கிறது பெரும்பாலும் ஓப்பனிங் ஸ்லாட், பத்து மணிக்கு, காலியா கெடக்குற ஹால். மொதல்ல அவமானமா இருந்துச்சு, இப்ப அதுதான் வேணும்னு கேட்டு வாங்குறேன். யாரும் ஆடாத நேரத்துல யாரையும் தொரத்த முடியாது இல்லையா. மெதுவா 100, 105 பிபிஎம்ல ஆரம்பிச்சு, பேசிக்கிட்டு இருக்குறவங்க காதுல அந்த உறுமலயும் தகரத்தயும் தெரியாத்தனமா போட்டு வச்சிடுவேன். அப்புறம் பதினொண்ணு, பதினொண்ணரைக்கு அதே சத்தம் கிக்கோட வர்றப்ப அது அவங்களுக்குப் புதுசு இல்ல. ரான் ஹார்டி ஒரே ராத்திரியில நாலு தடவ போட்டத நான் கொஞ்சம் கோழைத்தனமா, சின்னச் சத்தத்துல போடுறேன், அவ்ளோதான் வித்தியாசம். கிக்க இப்பவும் தூக்குவேன், 8 பாருக்கு, ரொம்பத் துணிச்சல் வந்தா 16, ஆனா அப்ப ஒரு ஹை ஹாட்டாவது (சின்ன ஜால்ரா மாதிரி சத்தம்) டிக் டிக்குன்னு ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு நேரத்துல ஒரு விசயத்தத்தான் விசித்திரமாக்குவேன்: தாளம் கோணலா போனா சத்தம் பழகுனதா இருக்கும், சத்தம் புதுசா இருந்தா தாளம் நேரா இருக்கும். ரெண்டையும் சேத்து மாத்துறது எப்பவாச்சும், மூணு மணிக்கு, மிஞ்சி நிக்கிறவங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்ற மூட்ல இருக்குறப்ப.

போன தடவ கேஎல் செந்தூல் பக்கத்துப் பசங்க ஒரு ஆறேழு பேர் வந்திருந்தாங்க, பர்த்டே பார்ட்டி போல. 5 எண்ணிக்கை லூப்ப ஓட விட்டு, அது மேல அந்த சிந்த் உறுமலத் தேய்ச்சேன். ரெண்டு பேர் ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டானுங்க, அப்புறம் கைய மேல தூக்கி, முட்டிய மடக்கி, தைப்பூச ஊர்வலத்துல ஆடுவாங்களே அதே ஆட்டம். கொஞ்ச நேரத்துல ஒருத்தன் வேர்வையோட மேசைக்கிட்ட வந்தான்.

"அண்ணே, அது எந்த குழுவோட உருமி?"

"உருமி இல்ல தம்பி, ஃபில்டர்."

நம்பல. லேப்டாப்ப எட்டிப் பாத்தான், ஒண்ணும் புரியல போல. "சரிண்ணே, அடுத்து ஒரு குத்து போடுங்க, பர்த்டே பையன் கேக்குறான்"னான். போட்டேன்.